கோர்டோபாவுல ஒரு நாரத்தை மரம்

ஜூன் கடைசியில தெற்கு ஸ்பெயின் போறோம்னு சொன்னதும் எங்க ஆபீஸ்ல இருக்கற ஸ்பானிஷ்காரர் ஒருத்தர் என்னை ஒரு மாதிரி பாத்தார், அந்த நேரத்துல அந்த ஊர்க்காரங்களே கடற்கரைப் பக்கம் ஓடிருவாங்க, நீங்க எதுக்கு உள்ள போய் மாட்டிக்கறீங்கன்னு கேட்டார். நான் மதுரைக்காரி, எங்கிட்டயே வெயிலைப் பத்தி பேசறீங்களான்னு மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டு சிரிச்சு வெச்சேன். அந்த வீராப்பு கோர்டோபா ஸ்டேஷன் வாசல் வரைக்கும்தான் தாங்குச்சு. ஏசி ரயிலை விட்டு இறங்கி கதவைத் தாண்டினதும் மூஞ்சியில அடுப்பைத் திறந்து காட்டின மாதிரி ஒரு அனல், எதிர்ல பார்மசி போர்டுல 41 டிகிரின்னு பச்சைக் கலர்ல மினுக்குது. 2021 ஆகஸ்ட்ல இதே ஊர் ஏர்போர்ட்ல 46.9 பதிவாகியிருக்குன்னு அப்புறம்தான் படிச்சேன். படிச்சுட்டு டிக்கெட் போட்டிருக்கணும்.

கூட வந்தது அக்கா. ஊர்லேர்ந்து முதல் தடவையா ஐரோப்பா வந்திருக்கா, பாரிஸ், சுவிஸ்னு எல்லாரும் போற எடத்துக்குக் கூட்டிட்டுப் போவேன்னு நெனச்சிருப்பா பாவம். மாட்ரிட்லேர்ந்து ஃபாஸ்ட் டிரெய்ன்ல ஒண்ணே முக்கா மணி நேரம், பாதி தூரத்துக்கு மேல ரெண்டு பக்கமும் ஆலிவ் மரம், ஆலிவ் மரம், மறுபடி ஆலிவ் மரம், நோட்டுல புள்ளி வெச்ச மாதிரி வரிசையா. "என்னடி இது, ஒரே மரத்தையே திருப்பித் திருப்பிக் காட்டறாங்க"ன்னுட்டு தூங்கிட்டா.

பழைய ஊருக்குள்ள டாக்ஸி கொஞ்ச தூரம்தான் வரும், மிச்சத்துக்கு பெட்டியை இழுத்துட்டுப் போகணும், கீழ ஃபுல்லா உருண்டைக் கல்லு பதிச்ச தெரு, அக்காவோட பெட்டிச் சக்கரம் ஒண்ணு மூணாவது திருப்பத்துலயே கழண்டு உருண்டு போச்சு. அதைத் தேடிக் குனிஞ்சப்பதான் கவனிச்சேன், தெரு ஏன் இவ்ளோ குறுகலா இருக்குன்னு. ரெண்டு கையை நீட்டினா ரெண்டு சுவரும் தொடலாம் போல, வெயில் தரையைத் தொடவே இல்ல, சுண்ணாம்படிச்ச வெள்ளைச் சுவர், மேல பெரிய தெருவுல இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் துணி இழுத்துக் கட்டி பந்தல் போட்டிருக்காங்க. வெளிச் சாலைக்கும் இந்த சந்துக்கும் நடுவுல நல்லாவே சூடு குறையுது.

மதியம் ரெண்டு மணி இருக்கும், ஒரு கடை திறந்திருக்கல. ஒரு மனுஷன் இல்ல. அக்கா "ஏதாவது பந்தா இன்னிக்கி?"ன்னு கேட்டா. பந்த் இல்ல, சியெஸ்டா. தூக்கம். நாங்களும் வேற வழியில்லாம தூங்கி, எந்திரிச்சு, ஏழு மணிக்குக் கிளம்பினா அப்பவும் நடு மத்தியானம் மாதிரி வெளிச்சம். சூரியன் ஒம்பதே முக்காலுக்குத்தான் மறையுது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஹோட்டல்ல கூட்டம் சேர்றதே ஒம்பதரை பத்துக்கு மேலதான், எட்டு மணிக்குப் போய் உக்காந்த எங்களை சர்வர் பாத்த பார்வையில பரிதாபம் இருந்துச்சு.

முதல் சாயங்காலம் ரோமன் பாலத்துக்குப் போனோம். கீழ ஓடற ஆத்துக்குப் பேரு குவாதல்கிவிர், அரபியில வாதி அல்-கபீர், பெரிய ஆறு, அவ்ளோதான் அர்த்தம். ஆறு அப்ப அவ்ளோ பெருசா இல்ல, நாணல் மண்டிப் போய் கொக்கு நாரைன்னு உக்காந்திருந்துச்சு. பாலத்தை ரோமர்கள் போட்டாங்கன்னாலும் அப்புறம் வந்த ஒவ்வொருத்தரும் இடிஞ்ச எடத்தைக் கட்டிக் கட்டி, இப்ப நிக்கற வளைவுல ரோமர் காலத்தது ரெண்டே ரெண்டுதான்ங்கறாங்க. 2004 வரைக்கும் இது மேல கார் பஸ் எல்லாம் ஓடிட்டிருந்துச்சாம். நடுவுல ரஃபாயேல் தேவதூதர் சிலை ஒண்ணு, கொள்ளைநோய் வந்து போனப்புறம் 1651-ல வெச்சது, காலடியில சிவப்பு மெழுகுவத்தி எரிஞ்சு எரிஞ்சு கல்லே மெழுகாகிக் கெடக்கு. ஒரு பாட்டி நடந்து வந்துட்டே சிலுவை போட்டுட்டு நிக்காமப் போனாங்க, பஸ்லேர்ந்தே பிள்ளையாருக்குக் கன்னத்துல போட்டுக்குவோமே, அப்படி.

பாலத்துக்குப் பக்கத்துல கரையில ஒரு பெரிய மரச் சக்கரம், அல்போலாஃபியான்னு பேரு, ஆத்துத் தண்ணியை மேல தூக்கற ஏத்தம். ஊர் முத்திரையிலயே இருக்கு. இப்ப நிக்கறது பிற்காலத்துல திரும்பச் செஞ்சு வெச்சது. பழசைக் கழட்டினது யாருன்னா இசபெல் ராணின்னு சொல்றாங்க, பக்கத்துக் கோட்டை அரண்மனையில தங்கியிருந்தப்ப ராத்திரி பூரா கிரீச் கிரீச்னு தூக்கம் வரலையாம். கொலம்பஸ் அந்த அம்மாவையும் ராஜாவையும் பாத்து கப்பல் குடுங்கன்னு இந்த ஊர்லயும் கேட்டிருக்கார், 1486-ல. ஆறு வருஷம் இழுத்தடிச்சுதான் குடுத்தாங்க.

மறுநாள் காலைல எட்டரைக்கு மெஸ்கீத்தா, மசூதியா இருந்து அப்புறம் சர்ச் ஆன பெரிய கட்டடம். திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் எட்டரை ஒம்பதரை டிக்கெட் இல்லாம உள்ள விடறாங்க, பத்து மணிக்கு மேல காசு. நம்ம புத்தி, ஓசின்னதும் எட்டே காலுக்கே போய் நின்னுட்டோம். வாசல்கிட்ட ஒரு அம்மா ரோஸ்மேரி கொத்து ஒண்ணை அக்கா கையில திணிச்சுட்டாங்க, இவளும் கோயில் வாசல் பூ மாதிரின்னு நெனச்சு வாங்கி மோந்து பாத்துட்டு நிக்கறா, அடுத்த செகண்ட் அவங்க உள்ளங்கையைப் பிடிச்சு ரேகை பாக்க ஆரம்பிச்சு, முடிச்சுட்டு பத்து யூரோ கேட்டாங்க. ரெண்டு யூரோவுல வந்து நின்னுச்சு. "என்ன சொன்னாங்க?"ன்னா "எனக்கென்ன ஸ்பானிஷ் தெரியுமா, நல்லாத்தான் சொல்லியிருப்பாங்க"ங்கறா.

உள்ள நுழைஞ்சா முதல்ல ஒரு பெரிய முற்றம். பாத்தியோ தெ லோஸ் நரங்ஹோஸ், ஆரஞ்சு மர முற்றம். வரிசையா மரம், ஒவ்வொரு மரத்தடியிலயும் வட்டமா ஒரு பாத்தி, ஒரு பாத்தியிலேர்ந்து அடுத்ததுக்கு கல்லுல வெட்டின ஒரு சாண் அகல வாய்க்கால். ஒரு எடத்துல தண்ணி விட்டா மரம் மரமா தானா போய்ச் சேர்ற மாதிரி. அக்கா மரத்தை அண்ணாந்து பாத்துட்டு ஒரு இலையைக் கிள்ளி கசக்கி மோந்தா. ஜூன்ல பழம் இருக்காது, கோலி குண்டைவிடக் கொஞ்சம் பெருசா பச்சைக் காய் காய்ச்சிருந்துச்சு. "ஏய், இது நாரத்தைடி."

நான் ஆரஞ்சுன்னேன். அவ விடல. வாசனை நாரத்தை, இலைக்காம்புல சின்னதா இன்னொரு இலை ஒட்டின மாதிரி இருக்கு பாரு, நம்ம கொல்லையில இருந்ததும் இப்படித்தான்னா. அவ சொன்னது ரொம்பத் தப்பும் இல்ல. இது தின்ற ஆரஞ்சு இல்ல, கசப்பு ஆரஞ்சு, அராபியர்கள் மூலமா இந்தப் பக்கம் வந்தது. அந்த நரங்ஹாங்கற ஸ்பானிஷ் வார்த்தை அரபி நாரஞ்ச்லேர்ந்து வந்தது, அது பாரசீக நாரங்க், அதுக்கு முன்ன சமஸ்கிருத நாரங்க, அதுக்கும் அடியில திராவிட மொழி வேர் இருக்கு, நம்ம நாரத்தையோட சொந்தம்னு மொழி ஆராய்ச்சிக்காரங்க நெறைய பேர் சொல்றாங்க. இதை அக்காகிட்ட சொல்லியிருக்கக் கூடாது. அன்னிக்கு முழுக்க எதைப் பாத்தாலும் "இதுவும் நம்மளோடதா?"ன்னு ஆரம்பிச்சுட்டா.

ஆனா அந்த ஊரை அப்படிப் பாக்கறதுதான் சரின்னு எனக்கு மெதுவா தோண ஆரம்பிச்சுது, நம்மளோடதான்னு இல்ல, இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு.

ஏன்னா இந்த மசூதியைக் கட்டின ஆளே வெளியூர்க்காரர். முதலாம் அப்துர் ரஹ்மான். டமாஸ்கஸ்ல ஆண்ட உமையாத் குடும்பத்துப் பையன், 750-ல அப்பாஸியர்கள்ங்கற எதிரி வம்சம் அந்தக் குடும்பத்தையே வெட்டிச் சாய்ச்சப்ப இவர் தப்பி ஓடி, வட ஆப்பிரிக்கா பூரா ஒளிஞ்சு திரிஞ்சு, 756-ல கோர்டோபாவைப் பிடிச்சுட்டார். ஊருக்கு வெளியில ஒரு தோட்டம் போட்டு, தாத்தாவோட சிரியா அரண்மனைப் பேரையே ருஸாஃபான்னு அதுக்கு வெச்சு, அங்க இருந்த ஒரு பேரீச்ச மரத்தைப் பாத்து, நீயும் என்னை மாதிரியே மேற்குல வந்து மாட்டிக்கிட்டு சொந்த மண்ணை விட்டு தூரமா நிக்கறியேன்னு ஒரு கவிதை சொன்னதா இருக்கு. பன்னெண்டு வருஷமா வெளிநாட்டுல இருக்கற எனக்கு அதைப் படிச்சப்ப சுருக்குன்னுச்சு, மறைக்கல. அவர் 785 வாக்குல ஆரம்பிச்சதுதான் இந்த மசூதி.

உள்ள போனோம். போட்டோவுல நூறு தடவை பாத்திருப்பீங்க, செவப்பு வெள்ளை வளைவு, தூணு தூணா. 856 தூண். போட்டோவுல தெரியாதது அந்த இருட்டும் குளுமையும்தான், வெளி அனல்லேர்ந்து வந்து கண்ணு பழகறதுக்கே ரெண்டு நிமிஷம் ஆகுது, பழகப் பழக தூண் ஒண்ணு பின்னால ஒண்ணா முளைச்சு வருது. அக்கா ஒரு தூணைத் தடவிட்டே நின்னவ, "ரெண்டு தூணும் ஒரே மாதிரி இல்லையே"ன்னா. நான் பிரம்மாண்டத்தைப் பாத்து வாயைத் திறந்துட்டு நிக்க, அவ கண்ணுக்கு அதுதான் பட்டிருக்கு. உண்மைதான். ஒண்ணு கருஞ்சாம்பல், பக்கத்துல இளஞ்சிவப்பு, ஒண்ணு வழவழன்னு, ஒண்ணுல சுருள் சுருளா வரி. தலையில வெச்ச பூ வேலையும் தூணுக்குத் தூண் வேற. பழைய ரோமர் கட்டடம், ரோமர்களுக்கு அப்புறம் ஆண்ட விசிகோத்களோட சர்ச்சுன்னு அங்கங்க இடிஞ்சு கெடந்ததைப் பொறுக்கிட்டு வந்து நிறுத்தினது. உயரமும் ஒண்ணு போல கெடைக்கல, அதனால நெட்டையை அடியில கொஞ்சம் பொதைச்சு, குட்டைக்கு அடிக்கல் குடுத்து மட்டம் பண்ணியிருக்காங்க.

அப்பவும் ஒரு சிக்கல். தூண் எல்லாம் குட்டை, அது மேல நேரா கூரை போட்டா இவ்ளோ பெரிய கூடம் தலையில இடிக்கற குகை மாதிரி ஆயிடும். அதுக்குத்தான் அந்த ரெட்டை வளைவு. தூண் தலையில கீழ் வளைவு ஒண்ணு, அதே தலையிலேர்ந்து ஒரு கனமான கல் தூண் மேல எழும்பி அதுல ரெண்டாவது வளைவு, கூரையைத் தாங்கறது மேல் வளைவு, கீழ் வளைவு சும்மா காத்துல பாலம் மாதிரி நின்னு தூணுங்க சாயாம பிடிச்சுக்குது. ஸ்பெயின்ல ரோமர்கள் விட்டுட்டுப் போன தண்ணிக் கால்வாய்ப் பாலத்துல இந்த அடுக்கு வளைவு இருக்கு, மெரிதாவுல கூட ஒண்ணு நிக்குது, செவப்புச் செங்கல் வெள்ளைக் கல் மாத்தி மாத்தி வெக்கறதும் அதுலயே இருக்கு. இருக்கறது பத்தாம எப்படியாவது சமாளிக்கணும்னு பண்ணின வேலை, இப்ப அதுதான் உலகம் பூரா காலண்டர்ல வருது.

அப்புறம் வந்தவங்க தெற்குப் பக்கமா நீட்டிட்டே போனாங்க. ரெண்டாம் அல்-ஹக்கம் 960கள்ல நீட்டினப்ப தொழுகை மாடத்துக்கு, மிஹ்ராபுக்கு, மொசைக் பதிக்க கான்ஸ்டான்டினோபிள் கிறிஸ்தவ ராஜாகிட்ட ஆள் அனுப்பினதா எழுதி வெச்சிருக்காங்க, அவரும் கண்ணாடிச் சில்லும் கைதேர்ந்த ஆளும் அனுப்பினாராம். தங்கச் சில்லு இன்னிக்கும் தகதகன்னு இருக்கு, தலையை லேசா ஆட்டினா ஒளி இடம் மாறுது, அக்கா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடிட்டே நின்னா. அதுக்கப்புறம் 987 வாக்குல அல்மன்சோர்னு ஒரு மந்திரி, அவருக்கு தெற்குல போக எடமில்ல, ஆறு வந்துருச்சு. அதனால கிழக்குப் பக்கம் எட்டு வரிசை சேத்துட்டார், மிஹ்ராப் நடுவுல இல்லாம ஓரமாப் போயிடுச்சு. அவர் பகுதியில நின்னு வளைவைக் கிட்டப் பாருங்க, நெறைய எடத்துல செங்கல்லே இல்ல, கல்லு மேல செவப்புப் பெயிண்ட். அவசரத்துக்குப் பண்ணின கான்ட்ராக்ட் வேலை ஆயிரம் வருஷத்துக்கு முன்னயும் இருந்திருக்கு.

இதே அல்மன்சோர் 997-ல வடக்கே சாந்தியாகோ வரைக்கும் படையெடுத்து, அங்கத்த சர்ச் மணியையெல்லாம் கிறிஸ்தவக் கைதிங்க தலையில ஏத்தி இங்க கொண்டு வந்து, மசூதியில விளக்கா தொங்க விட்டார். 1236-ல கிறிஸ்தவ ராஜா மூணாம் ஃபெர்னாண்டோ கோர்டோபாவைப் பிடிச்சதும் பண்ணின வேலை, அதே மணிங்களை முஸ்லிம் கைதிங்களை விட்டு சாந்தியாகோவுக்கே திருப்பித் தூக்க வெச்சது. இருநூத்துச் சொச்சம் வருஷம் ஞாபகம் வெச்சிருந்து.

தூணுக்கு நடுவுல நடந்துட்டே இருக்கறப்ப திடீர்னு வெளிச்சம். தலைக்கு மேல வெள்ளை வெளேர்னு கூரை, தங்கம், தேவதைங்க. மசூதி நடு வயித்துல ஒரு முழு கதீட்ரல். 1523-ல ஆரம்பிச்சு 1607 வரைக்கும் கட்டியிருக்காங்க. அதுக்கு முன்னாடியே இது சர்ச் ஆயிருச்சு, ஆனா இருந்த எடத்துல பீடம் வெச்சுக் கும்பிட்டுட்டிருந்தாங்க, 1523-ல பிஷப் நடுவுல தூணையெல்லாம் எடுத்துட்டு கட்டணும்னு நின்னார். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், எதிர்த்தது கோர்டோபா ஊர்க்காரங்களே. கிறிஸ்தவங்கதான். நகர சபை கூடி, இடிக்கற வேலைக்குப் போற கொத்தனுக்கு மரண தண்டனைன்னு உத்தரவே போட்டாங்க. கேஸ் அஞ்சாம் கார்லோஸ் ராஜாகிட்ட போச்சு, அவர் எடத்தைப் பாக்காமலே பிஷப் பக்கம் ஓகே சொல்லிட்டார். பிற்பாடு நேர்ல வந்து பாத்துட்டு, எங்க வேணாலும் கட்டக்கூடியதைக் கட்ட எங்கயும் இல்லாததைக் கெடுத்துட்டீங்களேன்னு புலம்பினதா ஒரு கதை, சொன்னாரோ இல்லையோ.

எனக்குக் கோவம்தான் வந்துச்சு. அக்கா "முழுசா இடிக்காம விட்டாங்களேன்னு சந்தோஷப்படு"ன்னா. சர்ச் உள்ள இருந்ததாலதான் மிச்ச மசூதி தப்பிச்சுதுன்னு நெறைய பேர் சொல்றதுதான் இது. இருக்கலாம். ஆனாலும் 2006-ல மறைமாவட்டம் முப்பது யூரோ கட்டி மொத்தத்தையும் தன் பேருல பதிஞ்சுக்கிட்டதும், முஸ்லிம் யாராவது ஒரு ஓரமா தொழ நின்னா காவலாளி வந்து எழுப்பி விடறதும் எனக்கு ஏத்துக்க முடியல. அக்காவும் நானும் இதைப் பத்தி ரெண்டு தெரு தள்ளி வரைக்கும் சண்டை போட்டோம், நான் ஜெயிக்கல.

ஒம்பதரைக்கு எல்லாரையும் வெளிய அனுப்பிட்டாங்க. ஒரு மணி நேரம் எந்த மூலைக்கும் பத்தல, காசு குடுத்து மறுபடி போனோம். ஓசிக்குன்னு எழுந்தது வீண்.

சாப்பாட்டுக் கதையும் சொல்லிடறேன், அக்கா சுத்த சைவம். "சின் கார்னே, கறி இல்லாம"ன்னு ஒரு கடையில தெளிவா சொன்னேன், தலையாட்டிட்டுப் போனவர் சாலட் மேல டின் டூனாவைக் கொட்டிட்டு வந்தார். இது மீனு, கறி இல்லைங்கறார். இன்னொரு கடையில சல்மொரேஹோ மேல ஹாமோன் தூவி வந்துச்சு, அது பன்னி, கேட்டா ஹாமோனும் கறி கணக்குல வராதாம். ரெண்டு நாள்ல நான் கத்துக்கிட்ட நீளமான ஸ்பானிஷ் வாக்கியம் கறி, மீனு, ஹாமோன், டூனா எல்லாம் இல்லாமங்கறதுதான். அதுக்கப்புறம் வந்த சல்மொரேஹோ அமிர்தம். பழைய ரொட்டி, தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், எல்லாத்தையும் கூழா அரைச்சு ஜில்லுன்னு கிண்ணத்துல, ஸ்பூன் நட்டு வெச்சா நிக்கும். "பழைய சோறு மாதிரி இது பழைய ரொட்டி"ன்னு அக்கா ரெண்டாவது கிண்ணம் சொன்னா. தக்காளியும் அமெரிக்காவுலேர்ந்து வந்ததுதான், அதுக்கு முன்ன ரொட்டி, பூண்டு, பாதாம் போட்டு வெள்ளையா அரைப்பாங்க, அந்த மசமோர்ராவும் இன்னும் கிடைக்குது.

இன்னொண்ணு, கத்தரிக்காயை மெல்லிசா சீவி மாவுல தோச்சு பொரிச்சு மேல கரும்புப் பாகு ஊத்தித் தர்றாங்க. மேசைக்கு வந்ததும் அக்கா என்னைப் பாத்தா. ஆமா, கத்தரியும் கரும்பும் நம்ம பக்கத்துலேர்ந்து பாரசீகம், அரபு தேசம் வழியா வந்ததுதான், அஸூகார்ங்கற அவங்க வார்த்தையும் நம்ம சர்க்கரையும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கதான், சாப்பிடு.

யூதர் தெருவுல 1315-ல கட்டின ஒரு சின்ன தொழுகைக்கூடம் இருக்கு, நம்ம வீட்டு ஹால் சைஸ்தான், சுவர் பூரா சுதையில ஹீப்ரு எழுத்து. 1492-ல யூதர்களை நாட்டை விட்டே துரத்தினப்புறம் அது நாய்க்கடி ஆஸ்பத்திரியா இருந்து, செருப்புத் தைக்கறவங்க சங்கமா இருந்து, 1884-ல பூச்சு பேந்து விழுந்தப்பதான் உள்ள எழுத்து தெரிஞ்சுது. பக்கத்துல யூதத் தத்துவ அறிஞர் மைமோனிடீஸ் சிலை, எல்லாரும் தொட்டுத் தொட்டு செருப்பு மட்டும் பளபளன்னு. இந்த ஊர்ல பொறந்து, வேற ஆட்சி வந்து மதம் மாறு இல்ல போன்னதும் குடும்பத்தோட கிளம்பி, கடைசியில எகிப்துல சுல்தான் அரண்மனை வைத்தியரா இருந்தவர். கோட்டைச் சுவர் ஓரமா இப்னு ருஷ்து உக்காந்திருக்கார், அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதினவர், அவெர்ரோயெஸ்னு ஐரோப்பா படிச்சது இவரைத்தான். அவர் 1198-ல மராக்கேஷ்ல இறந்து, உடம்பை கோர்டோபாவுக்குக் கொண்டு வந்தப்ப இப்னு அரபிங்கற சூஃபி ஞானி கூட நின்னு பாத்து எழுதியிருக்கார். கோவேறு கழுதையில ஒரு பக்கம் சவப்பெட்டி, மறுபக்கம் பாரம் சமமா இருக்கணும்னு அவர் எழுதின புத்தகங்களைக் கட்டியிருந்தாங்களாம். அந்த சிலைக்கு முன்னால அந்த வெயில்லயும் ஒரு பத்து நிமிஷம் நின்னேன்.

ஊருக்கு வெளிய இருக்கற பழைய அரண்மனை நகரம் மதீனா அசஹராவுக்குப் போகல. அந்த வெயில்ல நிழலில்லாத இடிபாட்டுல நடக்க தைரியம் இல்ல. மே மாசத்துல நடக்கற வீட்டு முற்றப் போட்டியும் முடிஞ்சு போச்சு, ஆனா சான் பசீலியோ பக்கம் சில வீடு எப்பவும் திறந்திருக்கு. ஒரு வீட்டுல ரெண்டு மாடி உயரத்துக்கு சுவர் பூரா நீலத் தொட்டி, ஜெரேனியம். எட்டாத தொட்டிக்கு எப்படித் தண்ணி ஊத்துவீங்கன்னு சைகையில கேட்டோம். எழுபது வயசு இருக்கும் அந்த அம்மாவுக்கு, மூலையிலேர்ந்து ஒரு நீள நாணல் கம்பை எடுத்தாங்க, நுனியில ஒரு தகர டப்பா கட்டியிருக்கு. தொட்டித் தண்ணியில முக்கி, கம்பைத் தூக்கி, மணிக்கட்டை லேசா ஒரு திருப்பு, ஒரு சொட்டு கீழ சிந்தல. அக்காகிட்ட குடுத்தாங்க. அக்கா தலையில அவளே ஊத்திக்கிட்டா. அந்த அம்மா சிரிச்ச சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் ஆகும்னேன், விரல்ல மூணு காட்டினாங்க.

கிளம்பற அன்னிக்கு காலைல முற்றத்துக்கு மறுபடி போய் உக்காந்தோம், அக்கா அம்மாவுக்கு வீடியோ கால் போட்டா. தூண் காட்டினா, கோபுரம் காட்டினா, அம்மா ம் ம்னு கேட்டுட்டிருந்தாங்க. மரத்துப் பக்கம் திருப்பினதும், "நாரத்தையாடி அது?"

"அதேதான்மா. ஊர் பூரா தெருவுக்குத் தெரு நட்டு வெச்சிருக்காங்க."

"ஊறுகா போடுவாங்களா?"

அக்கா என்னைப் பாத்தா. இல்லம்மா, ரொம்பக் கசக்கும்னு தெருவுல இருக்கறதைத் தொட மாட்டாங்க, கொஞ்சம் ஜாம் பண்றதுக்குப் போகும்னு சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

"உப்பு போட்டு வெயில்ல வெச்சா போச்சு. வெயில் இருக்குல்ல அங்க?"